ஒரே டெலிபோன் லைனில் நடந்த வழக்கு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் விதிமுறை எதுவும் சொல்லித் தரப் போவதில்லை. அதற்குத்தான் தலைக்கு வைத்துப் படுக்கிற அளவுக்கு ஒரு புத்தகம் கொடுத்திருக்கிறார்களே. இணையத்தில் ஆட்கள் எழுதுவதில் எதை நீக்கலாம், எதை மறைத்து வைக்கலாம், எதை மேலிடத்துக்கு அனுப்பலாம் என்று எல்லாம் அதில் இருக்கிறது. எழுதிய ஆள் உண்மையில் என்ன சொல்ல வந்தார் என்பது மட்டும் இருக்காது. வேலை பார்த்த காலம் முழுக்க எனக்குப் பிடித்த கேள்வியும் அதுதான், என்னைப் படுத்தி எடுத்த கேள்வியும் அதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் இதற்குள் வந்தபோது இந்த வேலைக்கு ஒரு பெயர்கூட கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டரும் மோடமும் விற்கிற ஒரு சின்னக் கம்பெனி. என்னைக் கணக்கு எழுதத்தான் எடுத்தார்கள். மோடம் வாங்குகிறவர்களுக்கு அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அதனால் எங்கள் முதலாளி ஆபீஸ் மூலையில் ஒரு கம்ப்யூட்டரை டெலிபோன் லைனோடு இணைத்து வைத்தார். வாங்கியவர்கள் வீட்டிலிருந்து அந்த நம்பருக்கு டயல் செய்து உள்ளே வரலாம், மற்றவர்கள் எழுதியதைப் படிக்கலாம், தாங்களும் எழுதலாம். நாங்கள் அதை போர்டு என்போம். இருந்தது ஒரே லைன். ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர்களுக்கு எங்கேஜ்டு சத்தம்தான். ஒருவரைத் திட்ட வேண்டும் என்றாலும் அவர் போனை வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். இன்றைக்கு உங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

போர்டில் சமையல், கிரிக்கெட், கம்ப்யூட்டர் சந்தேகம் என்று தனித்தனிப் பகுதிகள் இருந்தன. எல்லாம் ஈ ஓட்டின. ஒருநாள் முதலாளி, பேப்பரில் வருகிற கோர்ட்டு வழக்குகளைப் பற்றிப் பேச 'நியாயம்' என்று ஒரு பகுதி திறந்தார். அவ்வளவுதான், லைன் ஓயவே இல்லை. யார் கொன்றது, யாருக்குச் சொத்து, நீதிபதி சொன்னது சரியா என்று ஆளாளுக்குக் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டார்கள். மோடம் விற்பனையும் ஏறியது. சண்டை முற்றும்போது பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே. அது என் தலையில் விழுந்தது.

எனக்கு இருந்த ஒரே தகுதி, அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிற குணம். அதை அடக்கச் சொல்லி அம்மா எவ்வளவோ முயன்றாள். நான் வளர்ந்தது ஆவடி குவார்ட்டர்ஸில். அப்பா திருநெல்வேலிக்காரர், பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. பக்கத்து வீடு சேலம், எதிர்வீடு தஞ்சாவூர். நாங்கள் வாரியல் என்றால் பக்கத்தில் சீமாறு என்பார்கள், எதிரில் துடைப்பம் என்பார்கள். யார் வீட்டில் எதற்கு என்ன பெயர் என்று காது நீட்டிக் கேட்டே பழகியவள் நான். அப்படிப் பழகிய காதும் ஒருநாள் ஏமாந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அதற்கு முன் சின்னதாக ஒன்று. வீட்டுக்காரர், குடித்தனக்காரர் வழக்கு ஒன்றைப் பற்றிப் போர்டில் இரண்டு பேர் கட்டிப் புரண்டார்கள். இரண்டு பேரும் புனைபெயர். சட்டப் பிரிவுகளை எல்லாம் எடுத்து வீசினார்கள். எனக்கு ஒரு குறுகுறுப்பு, இவர்களுக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்று. பழையதிலிருந்து வரிசையாகப் படித்தேன். ஒரு கட்டுரைக்குக் கீழே கடைசி வரியாக, 'முதலில் விடியற்காலையில் மோட்டார் போடுவதை நிறுத்துங்கள்' என்று இருந்தது. சேரும்போது கொடுத்த முகவரிகளைப் பார்த்தால் இரண்டும் கொரட்டூரில் ஒரே கதவு எண். ஒருவர் மாடி, ஒருவர் கீழ். நான் எதையும் நீக்கவில்லை. இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் போன் செய்து, தண்ணீர் எப்போது வருகிறது என்று மட்டும் கேட்டேன். அசடு வழிந்தார்கள். அதன்பிறகு அந்த வழக்கைப் பற்றிப் போர்டில் பேச்சு மூச்சில்லை. வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பாதிப்பேர் வழக்கைப் பற்றி எழுதுவதில்லை என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இனி சாதிக் வழக்குக்கு வருகிறேன்.

நசரத்பேட்டையில் ஒரு வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது பட்டப்பகலில் பீரோவைத் திறந்து நகையை எடுத்துப் போய்விட்டார்கள். பூட்டு எதுவும் உடையவில்லை. அதற்குச் சில நாள் முன்னால்தான் அந்த பீரோவுக்குப் பூட்டு சரிசெய்து கொடுத்திருந்தான் சாதிக். பூந்தமல்லியில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குடையை விரித்துப் பூட்டு, சாவி வேலை செய்கிற இளைஞன். பூட்டு உடையவில்லை, இவன் பூட்டுக்காரன், போதாதா? பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். நகையும் கிடைக்கவில்லை, ஜாமீனும் கிடைக்கவில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தது.

சுற்று வட்டாரத்து வழக்கு என்பதால் எங்கள் போர்டு கொதித்தது. அவனுக்காகப் பேசியவன் இக்பால் ஒருவன்தான். பூந்தமல்லியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் ஆசிரியன், சாதிக்கோடு ஒரே தெருவில் வளர்ந்தவன். சொந்தப் பெயரிலேயே எழுதுவான். அன்றைக்கு சாதிக் எங்கே இருந்தான் என்று மற்றவர்கள் குடைந்தால், அதை மட்டும் சொல்ல மாட்டான். வக்கீல் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்பான். அதையே பிடித்துக்கொண்டு, சொல்ல ஒன்றும் இல்லாதவன்தான் வக்கீலை இழுப்பான் என்று கிண்டல் செய்தார்கள். கொஞ்ச நாளில் பேச்சு பூட்டை விட்டுவிட்டு அவன் தொழுகிற இடத்துக்குப் போய்விட்டது. அந்த மாதிரி வரிகளை நான் வந்த கையோடு எடுத்துவிடுவேன். அதற்கு யோசிக்க ஒன்றுமில்லை.

யோசிக்க வைத்தது 'பூவரசன்' என்ற புனைபெயரில் வந்த நாலு வரி. அப்போதெல்லாம் தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்க வேண்டும், நீங்கள் இன்றைக்கும் போனில் அடிக்கிறீர்களே, அப்படி. அதை நாங்கள் படித்தது இப்படி:

'அன்று மதியம் சாதிக்கை நான் கொள்ளையில் பார்த்தேன். கூட இரண்டு பேர் இருந்தார்கள். பூட்டைத் திறந்தது அவன்தான். இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.'

போர்டு பற்றி எரிந்தது. பார்த்தாயா, கண்ணால் கண்ட சாட்சியே வந்துவிட்டது என்று ஆளுக்கு ஆள் எழுதினார்கள். இக்பால், பூவரசனைப் பொய்யன் என்றும் கைக்கூலி என்றும் எழுதினான். நேரில் வந்தால் பல்லை எண்ணிக் கையில் கொடுப்பேன் என்றான். பூவரசன் அதற்குப் பதிலே எழுதவில்லை. அதன்பின் போர்டுக்கு வரவும் இல்லை.

முதலாளி வியர்த்துப் போனார். நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். சாட்சி, கொள்ளை என்றெல்லாம் நம் கம்ப்யூட்டருக்குள் கிடந்தால் நாளைக்கு லைனைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள், அந்தப் பகுதியை அடியோடு அழித்துவிடு என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அழிப்பது சுலபம், சம்பளமும் நிற்காது. நான் அந்தச் செய்தியை யார் கண்ணிலும் படாமல் மறைத்து மட்டும் வைத்தேன். அழிக்க மனம் வரவில்லை. நியாய உணர்வு என்று நினைத்துவிடாதீர்கள், வெறும் ஆர்வம்தான். எனக்கு அந்த ஆள் புரியவில்லை.

கொள்ளையைக் கண்ணால் பார்த்தவன் போலீஸுக்குப் போகாமல் எதற்கு ஒரு மோடம் கம்பெனி போர்டில் வந்து எழுத வேண்டும்? திருடனைக் காட்டிக் கொடுக்கிறவன் பேச்சில் கொஞ்சமாவது கோபமோ பயமோ இருக்காதா? இது கடைக்குப் போய் உப்பு வாங்கினேன் என்பது மாதிரி இருந்தது. பூவரசன் முன்னால் எழுதியதை எல்லாம் தோண்டி எடுத்தேன். அதிகம் எழுதுகிற ஆள் இல்லை. வெள்ளரிக்கு எந்த உரம் நல்லது என்று ஒருமுறை கேட்டிருந்தார். பிறகு, 'அந்தப் பையனுக்கு ஜாமீன் கிடைத்ததா, பாவம்' என்று ஒரு வரி. பாவம் என்று எழுதிய கை எப்படி இதை எழுதியது? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்ட மாதிரி இருந்தது.

நான் இப்படி மண்டையைக் குடைந்துகொண்டிருந்த காலையில் இக்பால் நேராக ஆபீஸுக்கே வந்துவிட்டான். கூட அவன் தெருக்காரர்கள் இரண்டு பேர். அதுவரை அவனை நான் பார்த்ததில்லை. போர்டில் அவ்வளவு சீறுகிறவன் நேரில் ஒடிந்து விழுகிற மாதிரி ஒல்லியாக இருந்தான். கண் சிவந்திருந்தது. அடுத்த வாய்தாவில் தங்கள் பக்கத்துக்குச் சாட்சி இல்லை என்றால் கதை முடிந்தது என்று வக்கீல் சொல்லிவிட்டாராம். இந்த நேரத்தில் எவனோ ஒருவன் பொய்சாட்சிக்குத் தயாராகிறான், அவன் யார் என்று தெரிந்தாக வேண்டும் என்றான்.

"பேரு, அட்ரஸ் குடுங்க மேடம். நான் இன்னா, அவன வெட்டவா போறேன்? பேசிட்டு வந்துடறேன்."

அப்போது அவன் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தால், பேசிவிட்டு வருகிற கையாகத் தெரியவில்லை. முதலாளி என் காதருகே வந்து, கொடுத்துத் தொலை, நமக்கென்ன, அவர்கள் பாடு என்றார். சற்று முன் அழித்துவிடு என்றவரும் அவர்தான்.

இளையவர்களே, உங்களுக்கு இந்த நிமிடம் வேறு உருவத்தில் வரும். ஆனால் வராமல் இருக்காது. ஒருவரின் பெயர் உங்கள் கையில் இருக்கும், அதைக் கேட்டு நிற்கிறவர் பக்கம்தான் நியாயம் என்று உங்கள் மனசே சொல்லும். எனக்கும் சொன்னது. சாதிக் திருடியிருப்பான் என்று நான் ஒருபோதும் நம்பவில்லை. அப்படியிருந்தும் பெயரைத் தர முடியாது என்றேன். பெயர் அவருடையது, கொடுப்பதானால் அவர்தான் கொடுக்க வேண்டும், உன் எதிரிலேயே அவரைக் கூப்பிட்டுக் கேட்கிறேன், அதுவரை உட்கார் என்றேன். உட்காரவில்லை. ஆனால் போகவும் இல்லை.

பூவரசனின் பதிவைப் பார்த்து நம்பரைச் சுழற்றினேன். மூர்த்தி என்று ஒருவர், பட்டாபிராமில் டி.டி.பி. கடை. அழைப்பிதழ், துண்டுப் பிரசுரம் அடித்துக் கொடுக்கிற கடை. ஒரு பெண் எடுத்தார். அவர் மனைவியாம். பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது. சார் இருக்கிறாரா என்று கேட்டேன்.

"அவுரு கொல்லைக்குப் போய்கீறாரும்மா. சாயங்காலம் ஆவும்."

போன் வழியாக வந்த அந்தச் சொல் என் காதுக்குள் நிற்க இடம் தேடி அலைந்தது. கொள்ளைக்குப் போயிருக்கிறார் என்று எந்தப் பெண்டாட்டியும் போனில் சொல்ல மாட்டாள். எங்கள் வீட்டில் கொல்லைக்குப் போவது என்றால் ஒதுங்கப் போவது. அதற்குச் சாயங்காலம்வரை ஆகாது. அடக்க முடியாமல் கேட்டேவிட்டேன், கொல்லையில் அவ்வளவு நேரம் என்ன செய்வார் என்று. அந்தம்மா சிரித்துவிட்டார்.

"கடலை புடுங்கறாங்கம்மா. ஆளு வந்துகீது. எங்களுக்கு நெமிலிச்சேரில கொல்ல கீது இல்ல?"

நிலம்! இந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கொல்லை என்றால் பயிர் போடுகிற நிலம். நாங்கள் வயல் என்போம், சேலத்துக்காரர்கள் காடு என்பார்கள். கே, ஓ, இரண்டு எல், ஏ, ஐ. இங்கிலீஷில் அடித்தால் கொல்லையும் அதுதான், கொள்ளையும் அதுதான். வழக்கு கொள்ளை வழக்கு, அதனால் படித்தவர்கள் அத்தனை பேருக்கும் ள கேட்டது. எழுதியவர் மட்டும் ல என்று நினைத்து எழுதியிருந்தார்.

நான் ரிசீவரைப் பிடித்தபடி, நெமிலிச்சேரியிலா என்று சத்தமாகத் திருப்பிக் கேட்டேன். எதிரில் இக்பாலின் முகம் மாறியது. மேஜையை விட்டான்.

"இன்னா சொன்னீங்க? எங்க?"

பிறகுதான் அவன் வாய் திறந்தான். அன்றைக்கு மதியம் யாரோ ஒருவர் வந்து, நெமிலிச்சேரிப் பக்கம் மோட்டார் கொட்டகைப் பூட்டு இறுகிவிட்டது என்று சாதிக்கைக் கூட்டிக்கொண்டு போனாராம். சைக்கிளில் பின்னாலேயே போனவன், வேலையை முடித்துவிட்டுத் திரும்பிவிட்டான். யார் நிலம் என்று கேட்டுக்கொள்ளவில்லை. அங்கே எல்லா மோட்டார் கொட்டகையும் ஒரே மாதிரிதான். இக்பால் வரப்பு வரப்பாக நடந்து விசாரித்தும் யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. இந்த விவரம் வெளியே போனால் எதிர்த்தரப்பு யாரையாவது தயார் செய்துவிடும் என்று வக்கீல் வாயைக் கட்டியிருக்கிறார்.

மறைத்து வைத்திருந்த அந்த நாலு வரியை எடுத்து, ல போட்டு அவனுக்குப் படித்துக் காட்டினேன். அன்று மதியம் சாதிக்கை நான் கொல்லையில் பார்த்தேன். கூட இரண்டு பேர் இருந்தார்கள். பூட்டைத் திறந்தது அவன்தான். இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். இக்பால் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தான். வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அந்த ஆளுடைய பல்லை எண்ணுவதாக எழுதியிருந்தானே, அதை நினைத்தோ என்னவோ.

சாயங்காலம் மூர்த்தியே கூப்பிட்டார். இப்படி ஒருவர் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார், உங்கள் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டேன். அவர் குரலில் கோபமும் குழப்பமும் கலந்திருந்தது.

"அதான் எழுதிக்கீறேனே மேடம், எங்க வேணா வந்து சொல்றேன்னு. கூப்புடுவாங்கன்னு பாத்தா, ஆளாளுக்குக் கிண்டல் பண்றாங்க. சர்தான், அந்தப் புள்ளைக்கு நல்லது சொன்னா இந்த ஊருக்கே ஆவல போலன்னு உட்டுட்டேன்."

சாட்சியே வந்துவிட்டது என்று எழுதியவர்கள் எல்லோரும், தான் சாதிக்குக்காகப் பேசியதைக் கேலி செய்கிறார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார். இக்பால் திட்டியது மட்டும் அவருக்குப் புரியவே இல்லை. கூட இருந்ததாக எழுதிய இரண்டு பேர், அவருடைய தம்பியும் கடலைக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்த ஆளும். தம்பிதான் பூந்தமல்லிக்குப் போய் சாதிக்கைக் கூட்டி வந்தவர். இக்பால் வரப்பு வரப்பாக விசாரித்த நாட்களில் இவர்கள் யாரும் நிலத்தில் இல்லையாம்.

மூவரும் கோர்ட்டில் சொன்னார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் மூர்த்தியை நன்றாகவே வறுத்தார் என்று கேள்வி. கொல்லை என்றால் என்ன என்று அங்கேயும் ஒரு விளக்கம் நடந்ததாம். அதன்பின்னும் இழுத்து இழுத்து, கடைசியில் சாதிக்கை விடுதலை செய்தார்கள்.

தீர்ப்பு வந்த செய்தியைப் போர்டில் நானே போட்டேன். எல்லோரும் வந்து படித்தார்கள், யார் யார் உள்ளே வந்தார்கள் என்று எனக்குத் தெரியுமே. ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. கிரிக்கெட் பகுதியில் மட்டும் கூட்டமாக இருந்தது. எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் முதலாளி சொன்ன மாதிரி எல்லாவற்றையும் அழித்திருப்பேன். அதற்குள் சாதிக் வந்துவிட்டான்.

இக்பால்தான் கூட்டி வந்தான். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். சொன்னான். பிறகு, தான் உள்ளே இருந்தபோது தன்னைப் பற்றி இதில் நிறைய எழுதினார்களாமே, அதைக் கேட்க வேண்டும், இங்கிலீஷ் எழுத்து தனக்குப் படிக்க வராது என்றான். இக்பால் வேண்டாம் என்று தடுத்தான். நானும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவன் மெதுவாகச் சொன்னான்.

"என்னப் பத்தி எழுதனது, எனக்குத்தான் தெரியல. மத்த எல்லாருக்கும் தெரியும். படிங்க மேடம். பேர மட்டும் சொல்லாதீங்க. நாளைக்கு அவங்க ஊட்டாண்ட வேலைக்குப் போவணும்."

மனிதர்களை நீக்கவும் மறைக்கவும் அதிகாரம் வைத்திருந்த எனக்கு, அன்றைக்கு அந்த வரிகளை வாய்விட்டுப் படிப்பது போலக் கஷ்டமான வேலை வாய்த்ததே இல்லை. கண்ணால் படிக்கும்போது வெறும் காரமாக இருந்த சொல், யாரைப் பற்றியதோ அவன் எதிரில் உட்கார்ந்திருக்க, நாக்கில் வரமாட்டேன் என்றது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். ஒரு வரியையும் தாண்டவிடவில்லை. நான் குரலைத் தாழ்த்தினால், இன்னா மேடம் என்று தலையைத் தூக்குவான்.

ஒன்று வந்தது. 'இவனை மாதிரி ஆளுக்குக் கோர்ட்டு எதுக்கு, ரெண்டு கையையும் எடுத்துட வேண்டியதுதானே. சரியா, தப்பா?' அதே ஆள் எழுதிய இன்னொன்றிலும் கடைசியில் அதே மாதிரி, சரியா, தப்பா?

சாதிக் நிமிர்ந்தான். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது. அந்தக் கேட்கிற மாதிரியை வைத்தே யாரென்று தெரிந்துவிட்டது அவனுக்கு. நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். இக்பால், யார், யார் என்று தோளைப் பிடித்து உலுக்கினான். அவன் சொல்லவில்லை. எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நேரமாகிறது என்றான். வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் என் பக்கம் திரும்பினான்.

"நான் உள்ள போறதுக்கு மொதல் நாள், இன்னொரு சாவி போட்டுத்தரச் சொல்லிட்டு அவுரு ஊட்டுச் சாவிய எங்கையில குடுத்துட்டுப் போனாரு மேடம். இன்னும் எங்கிட்டதான் கீது. போய்க் குடுத்துட்டு வந்துடறேன்."